வின்செஸ்டர் 1894

வின்செஸ்டர் 1894: ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த, நெம்புகோலால் இயங்கும் அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி.

நெம்புகோலைக் கீழே தள்ளினால் வெற்றுத் தோட்டாக்கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால், சுடுகுழலுக்கு அடியிலுள்ள நீள்குழாயிலிருந்து வந்த தோட்டா அறைக்குள் ஏறும். குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், முன்னதைக் குத்தி வெடிக்காதிருக்கத் தட்டைமுனைக் குண்டுகளே வழக்கம்.

புகையற்ற வெடிமருந்துடன் 1895இல் வந்த .30-30 தோட்டா இதை மான் வேட்டைக்காரர்களின் விருப்பத் துப்பாக்கியாக்கியது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்படுவதற்குள் 70 லட்சத்துக்கும் மேல் தயாராயின.

சேகரிப்பாளர்கள் நாடுவது 1964க்கு முந்தையவற்றையே. அவ்வாண்டு செலவைக் குறைக்க, கடைந்தெடுத்த பாகங்கள் சிலவற்றுக்குப் பதிலாகத் தகட்டில் அச்சிட்ட பாகங்கள் புகுந்தன. அசல் நீலமெருகும் வால்நட் மரக்கட்டையும் மதிப்பை உயர்த்தும், புதுமெருகு குறைக்கும். தொடக்ககாலத் துப்பாக்கிகளின் ஆலைப் பதிவேடுகள் வயோமிங்கின் கோடி நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.