பி.எச். குறைக்கும் திரவம் ஊற்றியும் நியான் டெட்ரா சாகிறதா? மீன் தொட்டித் தண்ணீரில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்!

நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா, டிஸ்கஸ்... வண்ண மீன் கடைகளில் எல்லோரையும் இழுக்கும் இந்த மீன்களின் பூர்வீகம், தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. இவற்றை வாங்கும்போது, ‘பி.எச். 6.5-ல வைங்க’ என்று அறிவுரை வரும். கூடவே பி.எச். குறைக்கும் திரவமும் வீட்டுக்கு வந்துவிடும். ஊற்றினால் இறங்கும், மறுநாள் பார்த்தால் பழையபடி ஏறியிருக்கும். மறுபடி ஊற்றுவோம். இந்த ஏற்ற இறக்கத்தில் அடிபடுவது மீன்தான். உண்மையில், முதலில் சரிசெய்ய வேண்டியது பி.எச். அல்ல, தண்ணீரின் கடினத்தன்மை.

கடினத்தன்மை என்றால் என்ன?

தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவே கடினத்தன்மை. மீன் வளர்ப்பவர்கள் இதை ஜி.எச். என்பார்கள். ஹீட்டரிலும் பக்கெட்டிலும் வெள்ளையாக உப்புப் படிவதற்குக் காரணம் இதுதான். 1 டிகிரி என்பது சுமார் 17.8 பிபிஎம்.

கார்டினல் டெட்ரா வாழும் ரியோ நீக்ரோ ஆற்றில் இது 1 டிகிரிக்கும் குறைவு. ஆனால் குடிநீருக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் வைத்துள்ள அளவு 200 பிபிஎம். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 பிபிஎம் வரை ஏற்கலாம். அதாவது 33 டிகிரிக்கும் மேல்! நாம் குடிக்கலாம் என்பதாலேயே அது இந்த மீனுக்கும் ஏற்றதாகிவிடாது.

பி.எச். ஏன் திரும்ப ஏறுகிறது?

தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு கே.எச். எனப்படுகிறது. நாம் ஊற்றும் அமிலத்தை இது சமன் செய்துவிடும். பெரும்பாலான போர்வெல் தண்ணீரில் கே.எச். அதிகம் என்பதால்தான் திரவம் தோற்றுப்போகிறது. பாதாம் இலை போட்டாலும் நிறம் மாறுமே தவிர, பி.எச். பெரிதாக இறங்காது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், தொட்டியில் இருக்கும் அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு சுமார் 10 மடங்காகும்.

அப்போ என்ன செய்யலாம்?

எளிய வழி, ஆர்.ஓ. தண்ணீரைக் கலப்பது. உங்கள் போர்வெல் தண்ணீர் 400 பிபிஎம் என்றால், அதில் ஒரு பங்குடன் மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் ஏறத்தாழ 100 பிபிஎம், அதாவது 5 முதல் 6 டிகிரி கிடைக்கும். இப்போது விற்பனைக்கு வரும் நியான் டெட்ராக்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. அவற்றை வளர்க்க இது போதும். ஆனால் முட்டை பொரிய வேண்டுமானால் இன்னும் மென்மையான தண்ணீர் தேவை.

முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. அதில் கே.எச். கிட்டத்தட்ட பூஜ்யம். கழிவுகள் சேரச் சேர பி.எச். திடீரெனச் சரியும். 6-க்குக் கீழே போனால், அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களின் வேகமும் குறைந்துவிடும். கே.எச். 2 முதல் 4 டிகிரி இருந்தால் பாதுகாப்பு.

கவனிக்க வேண்டியவை

* டி.டி.எஸ். மீட்டர் கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கடினத்தன்மையை அறிய ஜி.எச்., கே.எச். சொட்டு சோதனைதான் சரி.

* உப்பு போட்டு இயக்கும் வீட்டு சாஃப்ட்னர், கால்சியத்துக்குப் பதில் சோடியத்தைச் சேர்க்கும். அமேசான் மீனுக்கு அது தீர்வல்ல.

* ஆவியாகும்போது தண்ணீர் மட்டுமே போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

* வாராந்திர தண்ணீர் மாற்றத்துக்கு எப்போதும் ஒரே விகிதத்தில் கலந்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். குழாய் தண்ணீர் என்றால் குளோரின் நீக்க மறக்காதீங்க.

* ஏற்கெனவே கடின நீரில் மீன் இருந்தால், ஒரே நாளில் மாற்றாமல் சில வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள்.

புதுத் தொட்டி என்றால் பாக்டீரியா உருவாகவே 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீனை விடுங்கள். மீன் வாங்கும் முன் வீட்டுத் தண்ணீரை ஒருமுறை சோதித்துவிட்டால், பணமும் மிச்சம், மீனும் பிழைக்கும்.