வாசற்படியிலிருந்து ரேஷன் கடை வரை: கள்ளக்குறிச்சியில் முதுமையும் தெருவும்

முதியோர் நலம் பற்றிய நம் பேச்சு வருமானம், நோய், பிள்ளைகளின் கவனிப்பு என்ற மூன்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. தெரு அதில் வருவதில்லை. உடலின் திறன் குறையக் குறையச் சூழலின் சிறு இடையூறும் பெரிதாக அழுத்தும் என்று 1973இல் முதுமையியல் ஆய்வாளர்கள் லாட்டனும் நஹெமோவும் வாதிட்டனர். இளைஞர் கவனிக்காமலே தாண்டிப் போகும் சாக்கடை, 75 வயதுக்காரரை வீட்டோடு முடக்கிவிடும்.

பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுவது நம் ஊர்களின் வழக்கம். கள்ளக்குறிச்சியும் இதற்கு விலக்கல்ல. சாலை உயர, வாசல் தாழ்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே வராதிருக்க வீட்டுக்காரர் படியை உயர்த்துகிறார். படிக்கும் சாலைக்கும் நடுவே திறந்த சாக்கடை, அதன் மேல் கால் வைத்தால் ஆடும் ஒரு கடப்பைக்கல், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவு நிற்கிறது. உட்கார்ந்து நாலு பேரிடம் பேச இருந்த இடமும் அதோடு போயிற்று.

தெரு இப்படியிருக்க, தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கு ரேஷன் பொருள்களும் வாசலுக்கு வருகின்றன. படுக்கையில் கிடப்பவர்களுக்கு இவை பெரும் உதவி; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நடக்க முடிந்தும் தெருவுக்கு அஞ்சி உள்ளே இருப்பவருக்கு ரேஷன் கடை வரிசைதான் மாதம் ஒருமுறை ஊர்முகம் பார்க்கும் வாய்ப்பு. அரிசி வீடு தேடி வரும், அந்த வரிசையில் நடக்கும் பேச்சு வராது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை இந்தத் தனிமைக்கு மாற்று என்று சொல்லத் தோன்றும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில் அண்டை வீடென்பது பெரும்பாலும் உறவு வீடுதான். எனினும் இளையோர் கூலி வேலைக்கு வெளியூர் போன மாதங்களில், பேரப்பிள்ளைகளோடு தனித்திருக்கும் பாட்டிக்கு மலையின் முக்கிய ஊரான வெள்ளிமலைக்குப் போய்வருவதே ஒரு நாள் வேலையாகிவிடலாம். உறவு பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது.

நகரத்திலும் உறவின் சுமை முதுமையின் மேல்தான் சாய்கிறது. 2024 ஜூனில் விஷச் சாராயம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு. இத்தகைய வீட்டில் தாத்தா பாட்டி மறுபடியும் பெற்றோர் ஆகிறார்கள். அவர்களுடைய தெருவில் பள்ளி எத்தனை அடி தூரம், இரவில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் உயிர்வாழ்வின் கேள்விகள்.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட முதியோருக்கு இசைவான நகரங்களுக்கான கையேட்டின் உருவாக்கத்தில் பங்கேற்ற 33 நகரங்களில் இந்தியாவிலிருந்து தில்லியும் உதய்ப்பூரும் இருந்தன. நம் சிறுநகரங்களுக்கு அளவுகோலை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். கள்ளக்குறிச்சி நகராட்சி அடுத்த முறை ஒரு தெருவைத் தோண்டும்போது, அங்கே குடியிருக்கும் ஒரு மூதாட்டியோடு ரேஷன் கடைவரை நடந்து பார்த்துவிட்டு மதிப்பீடு தயாரிக்கட்டும்.