பாஸ்டன் தேயிலையும் கொசஸ்தலை வெள்ளமும்

அமெரிக்க விடுதலைப் போர் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருபவை எவை? பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டது, ஜார்ஜ் வாஷிங்டனின் படைத்தலைமை, 1776 ஜூலை 4ஆம் நாள் வெளியான விடுதலைப் பிரகடனம் ஆகியவை வரலாம். அந்தப் போரின் ஒரு கிளை நம் கும்மிடிப்பூண்டி வழியாகவும் சென்றது, திருவள்ளூர் வட்டாரத்து ஆறு ஒன்று அதில் ஒரு பெரும் படையின் தலைவிதியை மாற்றியது என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் அது உண்மை. எப்படி என்று காண்போம்.

பூசலின் தொடக்கம்

பிரிட்டனும் பிரான்சும் 1756 முதல் 1763 வரை ஏழாண்டுப் போரை நடத்தின. வட அமெரிக்கக் காடுகளில் நடந்த அதே போர்தான் 1760இல் நம் வந்தவாசியிலும் நடந்தது. பிரிட்டன் வென்றது, ஆனால் கடன் மலைபோல் குவிந்தது. அதில் ஒரு பகுதியை அமெரிக்கக் குடியேற்றங்களிடமிருந்து வரியாகப் பெற அது முயன்றது. 1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பாராளுமன்றம் தங்கள்மீது வரி விதிப்பது முறையா என்று அமெரிக்க மக்கள் கேட்டனர்.

இச்சமயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியும் தொல்லையில் மாட்டிக்கொண்டது. சென்னைக் கோட்டையிலிருந்து நம்மீது அதிகாரம் செலுத்திய அதே கம்பெனிதான். போர்ச் செலவும் 1770ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சமும் அதன் வருவாயைக் குலைத்தன. சீனாவிலிருந்து வாங்கிய தேயிலை லண்டன் கிடங்குகளில் விற்காமல் தேங்கியது. கம்பெனியைக் காப்பாற்ற, அத்தேயிலையை அமெரிக்காவில் நேரடியாக விற்க 1773இல் சட்டம் செய்தார்கள். அதன்மீது இருந்த வரியை மட்டும் நீக்கவில்லை. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது.

1775 ஏப்ரலில் துப்பாக்கிகள் முழங்கின. 1777 அக்டோபரில் சரடோகா என்னும் இடத்தில் ஓர் ஆங்கிலப் படை முழுவதும் அமெரிக்கரிடம் சரணடைந்தது. இதைக் கண்டு துணிவு பெற்ற பிரான்ஸ் 1778 பிப்ரவரியில் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அந்தக் கையெழுத்தின் விளைவு இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

மாஹே முதல் காஞ்சி வரை

பிரான்சுடன் போர் மூண்டதும் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுக் குடியிருப்புகளைக் கம்பெனி பறிக்கத் தொடங்கியது. 1778 அக்டோபரில் புதுச்சேரி வீழ்ந்தது. 1779 மார்ச்சில் மலையாளக் கரையிலுள்ள மாஹே வீழ்ந்தது. மைசூரை ஆண்ட ஐதர் அலிக்கு ஐரோப்பியப் படைக்கலங்கள் வந்து இறங்கிய துறைமுகம் மாஹே. அது தம் பாதுகாப்பில் இருப்பதாகவும், அதைத் தொடக்கூடாது என்றும் அவர் எச்சரித்திருந்தார். கம்பெனி பொருட்படுத்தவில்லை.

ஐதருக்குப் பழைய கணக்கு ஒன்றும் இருந்தது. 1769 சென்னை உடன்படிக்கைப்படி, பகைவர் தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி கைகட்டி நின்றது. எனவே ஐதர் அலி அமெரிக்காவுக்காகப் போர் தொடுத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. அவருடைய காரணங்கள் அவருக்கு இருந்தன. காலத்தைக் குறித்துக் கொடுத்தது அமெரிக்கப் போர்.

1780 ஜூலையில் ஐதரின் பெரும்படை, 80,000க்கும் மேற்பட்டோர், கணவாய் கடந்து சமவெளியில் இறங்கியது. சென்னையைச் சுற்றிய ஊர்கள் பல தீக்கிரையாயின. ஆகஸ்டில் ஆற்காடு முற்றுகையிடப்பட்டது.

ஆறு குறுக்கே நின்றது

அப்போது குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி என்பவர் சுமார் 2,800 வீரர்களுடன் தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். ஆகஸ்ட் 24ஆம் நாள் வாக்கில் படை கும்மிடிப்பூண்டியில் இருந்தது. அங்கிருந்து சென்னை 28 மைல்தான். இரண்டு நாள் நடை. சென்னைக்கு வந்து முதன்மைப் படையுடன் சேர்ந்திருக்கலாம். ஆனால் தளபதி சர் ஹெக்டர் மன்றோ, பெய்லியை நேரே காஞ்சிபுரம் வரச் சொல்லித் தாமும் அங்கே புறப்பட்டார். இந்த மன்றோ 1764இல் பக்சார் போரில் வென்றவர்.

ஆகஸ்ட் 25இல் பெய்லி கொசஸ்தலையாற்றை அடைந்தார். நம் பக்கத்தில் கொற்றலையாறு என்றும் இதைச் சொல்வார்கள். ஆற்றில் அப்போது நீர் அதிகமில்லை. மறுநாள் கடக்கலாம் என்று வடகரையில் கூடாரம் அடித்தார். அன்றிரவே வெள்ளம் வந்துவிட்டது. ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை. செப்டம்பர் முதல் வாரம் வரை படை அக்கரை சேர முடியவில்லை.

மழைக் காலத்துக்கு முன்பே வெள்ளம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் இந்த ஆற்றுக்கு நீர் கொண்டு வரும் நகரியாறும் நந்தியாறும் மேற்கே மலைப்பாங்கான பகுதியிலிருந்து வருபவை. ஆவணி மாத மாலைகளில் அங்கே இடியுடன் கனமழை பெய்வதுண்டு. சரிவில் விழுந்த நீர் விரைந்து ஓடி ஆற்றில் திரளும். இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே ஆறு இரு கரையும் புரளும். ஆற்றங்கரை உழவருக்கு இது தெரிந்த செய்தி. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்படும் வரை இந்த வெள்ளத்தைத் தேக்கி நிறுத்தும் பெரிய அணை ஏதும் இவ்வாற்றில் இல்லை.

இந்த இடைவெளி ஐதருக்குப் போதுமானதாக இருந்தது. அவர் தம் மகன் திப்புவை ஒரு படையுடன் பெய்லியின் வழியை மறிக்க அனுப்பினார். செப்டம்பர் 6ஆம் நாள், இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள பேரம்பாக்கத்தில் இரு படைகளும் மோதின. 14 மைல் தொலைவில் காஞ்சியிலிருந்த மன்றோவின் முகாமுக்குப் பீரங்கி ஓசை கேட்டது. ஆயினும் அவர் முழுப்படையுடன் நகரவில்லை; கர்னல் பிளெச்சரின் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். அவர்கள் வந்து சேர்ந்ததும் பெய்லி இரவில் புறப்பட்டார். செப்டம்பர் 10 விடிந்தபோது, காஞ்சி எட்டும் தூரத்திலிருந்த புள்ளலூரில், ஐதரின் படை முழுவதும் அவரைச் சூழ்ந்துகொண்டது.

இரும்புக் குழலின் இயற்பியல்

புள்ளலூரில் பீரங்கியோடு சேர்ந்து மைசூரின் வாணங்களும் சீறின. போரின் நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. வாணம் பட்டு வெடித்தனவா, பீரங்கிக் குண்டு பட்டு வெடித்தனவா என்பதில் இருவேறு கருத்துகள் உண்டு. வண்டிகள் போனபின் சுடுவதற்கு மருந்தில்லை. பெய்லி சரணடைந்தார், அவருடைய படை ஏறத்தாழ முழுவதும் மடிந்தது, அல்லது சிறைப்பட்டது. மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். சிறைப்பட்ட பெய்லி 1782இல் சீரங்கப்பட்டினத்தில் இறந்தார். அங்கே திப்புவின் கோடைமாளிகைச் சுவரில் இந்தப் போரின் ஓவியத்தை இன்றும் காணலாம்.

வாணம் புதிதன்று, திருவிழாக்களில் நாம் விடுவதுதான். மைசூர் வாணத்தின் தனிச் சிறப்பு அதன் குழல். காகிதம் அல்லது மூங்கில் குழலில் வெடிமருந்தை இறுக்கினால், வாயுவின் அழுத்தம் சற்றுக் கூடியதும் குழல் பிளந்துவிடும். மைசூர்க் கொல்லர்கள் இரும்பைத் தட்டிக் குழலாக்கினர். அது மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். உள்ளே அழுத்தம் கூடக்கூட, வாயு பின்புறத் துளை வழியே அதிக வேகத்தில் பாயும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி வாணம் அதே அளவு உந்தத்தை முன்னோக்கிப் பெறும். மருந்து அதேதான், குழல் மாறியது, தொலைவு கூடியது. பெரிய வாணங்கள் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்கூடப் பாய்ந்தன. நேராகப் பறப்பதற்காக மூங்கில் கழியைக் கட்டினார்கள். அப்படியும் குறி தப்புவதுண்டு. ஆனால் குதிரைகளை மிரட்டவும் கூட்டத்தைக் கலைக்கவும் அது போதும். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இரும்பு உருக்கும் நண்பர்களுக்கு, ஒரு பொருளின் தாங்குதிறன் எத்தனை பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருப்பாச்சூரும் கஞ்சித் தொட்டியும்

தோல்விச் செய்தி கேட்டுக் கல்கத்தாவிலிருந்து சர் அயர் கூட் அனுப்பப்பட்டார். 1781 ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையில் ஐதரைத் தோற்கடித்தார். ஆனால் அவருடைய படைக்கு உண்ண நெல் கிடைக்கவில்லை. தானியம் தேடிய அப்படை ஆகஸ்டில், திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தது. ஆகஸ்ட் 27இல் அதே புள்ளலூரில் இரண்டாம் முறை போர். செப்டம்பர் 27இல் சோளிங்கரில் மற்றொரு போர். மூன்று கிழமை கழித்து, அக்டோபர் 19இல், அமெரிக்காவின் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் பிரபு வாஷிங்டனிடம் சரணடைந்தார். இதே கார்ன்வாலிஸ்தான் பின்னர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகி 1792இல் திப்புவை முறியடித்தவர்.

ஐதரின் புகழ் கடல் கடந்தும் சென்றது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஓர் ஆங்கிலக் கப்பலைப் பிடித்த அமெரிக்கப் போர்க்கப்பலின் பெயர் ‘ஹைதர் அலி’. அவ்வாண்டு டிசம்பரில் ஐதர் நோயால் இறந்தார். 1783இல் ஐரோப்பியச் சமாதானச் செய்தி எட்டியதும் கடலூரில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரை நிறுத்தினர். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு திப்புவும் போரை முடித்தார். அவரவர் பிடித்த இடங்கள் பெரும்பாலும் அவரவருக்கே திரும்பின.

திரும்பாதவையும் உண்டு. எரிந்த ஊர்களும் விதைக்காத வயல்களும் பஞ்சத்தைக் கொண்டு வந்தன. கிராமங்களிலிருந்து மக்கள் சென்னையை நோக்கி நடந்தனர். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் வடசென்னையில் ஓர் இடம் ஏற்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரம். அதையொட்டி வளர்ந்த மருத்துவமனையை முதியவர்கள் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள்; இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை அதுதான். பாஸ்டனில் மூன்று பென்ஸ் வரிக்காகத் தொடங்கிய சண்டையில் நம் உழவன் கொடுத்த வரி எவ்வளவு என்பதை அந்தப் பெயர் சொல்லும்.

வாணம் அமெரிக்கா சென்றது

1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது நூற்றுக்கணக்கான வாணங்கள் ஆங்கிலேயர் கையில் சிக்கின. சில இங்கிலாந்து சென்றன. வில்லியம் காங்கிரீவ் என்பவர் உல்விச் படைக்கலச் சாலையில் அவற்றைப் பின்பற்றி ஆய்வுகள் செய்தார். பல அளவுகளில் செய்து பார்த்தார், எடையையும் தொலைவையும் குறித்தார், நூலாகவும் வெளியிட்டார். 1812இல் பிரிட்டனும் அமெரிக்காவும் மீண்டும் பொருதபோது, 1814 செப்டம்பரில் பால்டிமோர்க் கோட்டைமீது அந்த வாணங்கள் பாய்ந்தன. அக்காட்சியைக் கண்ட பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாடல்தான் அமெரிக்காவின் நாட்டுப் பண். அதில் வாணத்தின் செவ்வொளியும் இடம்பெற்றுள்ளது.

காங்கிரீவின் பெயர் உலகறிந்தது. அவருக்கு முன்னே இரும்பைத் தட்டிக் குழலாக்கிய நம் கொல்லர்களில் ஒருவரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. திறமை இரு பக்கமும் இருந்தது. ஒரு பக்கம் அதை அளந்து எழுதி வைத்தது. மறுபக்கம் கையோடு மறைந்தது. மாணவர்கள் செய்முறைக் குறிப்பேட்டைச் சுமையாக நினைக்கும்போதெல்லாம் இந்தக் கொல்லர்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு மாவட்ட வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி, கொசஸ்தலையாறு, பேரம்பாக்கம், திருப்பாச்சூர் ஆகியவற்றைக் குறியுங்கள். எல்லைக்கு அப்பால் புள்ளலூரையும் காஞ்சியையும் சேருங்கள். பெய்லி சென்ற வழியைக் கோடிட்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். அந்த ஆறு எங்கே குறுக்கிடுகிறது என்று பார்த்தால், மன்றோவின் கட்டளையில் இருந்த பிழை உங்களுக்கே விளங்கும்.