கதியாலுக்கு அடி தெரியும்



1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து விரட்டப்பட்டு, கடல் வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஓலைக் கொட்டில் போட்ட கையோடு வாப்பாமார் சுற்றிவரப் பூவரசங் கதியால் நட்டார்கள். "அடி பார்த்து நடுங்க" என்பார்கள். ஏன் அடி பார்க்க வேண்டும்?

1878இல் ஜேர்மனியரான ஃபொக்டிங் வில்லோக் கொப்புகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். அப்போதும் கொப்பின் பழைய அடியில்தான் வேர் அதிகம் வந்தது.

1926இல் ஒல்லாந்தின் வென்ற், நாற்றின் நுனியில் உண்டாகும் வளர்ச்சி ஹோர்மோனை ஏகார்த் துண்டில் பிடித்துக் காட்டினார். அதுதான் ஒக்சின். தண்டில் அது கலத்துக்குக் கலம் மாறி, நுனியிலிருந்து அடி நோக்கிப் போகிறது. அடியில் சேர்ந்து வேரை வரவழைக்கிறது.

அந்த ஒருவழிப் பாதைக்கு 1974இல் கேம்பிரிட்ஜின் ரூபரியும் ஷெல்ட்ரேக்கும் விளக்கம் சொன்னார்கள். கலத்துக்குள் நுழைந்த ஒக்சின் அயனாகி உள்ளே அகப்படும். வெளியேறும் வாசல் கலத்தின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். ஷெல்ட்ரேக் அதன்பின் ஹைதராபாத் இக்ரிசாட்டில் துவரையும் கடலையும் ஆராய்ந்தார். 1998இல் அந்த வாசல், 'பின்' என்ற புரதம், கலத்தின் அடிப்பக்கத்திலேயே கண்டுகொள்ளப்பட்டது.

வெட்டி எங்கே நட்டாலும் கதியால் தன் அடியை மறப்பதில்லை. ஊர் திரும்பி மறுபடி வேலி போட்டபோது, புத்தளத்தில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைத்தான் முதலில் சொன்னோம்.