கறுப்பின்மேல் வெள்ளை: மறைதிறனை எப்போது அளப்பது?

கறுப்பு பனியன் துணியில் வெள்ளை அடிக்கும்போது, மையின் மறைதிறனை ஈரத்திலேயே தீர்மானிப்பது திருப்பூர்ப் பிரிண்டிங் பட்டறைகளில் காணும் வழக்கம். ஸ்குவீஜி இழுத்த கையோடு வெள்ளை பளிச்சென்று விழுந்தால் பேஸ்ட் நல்லது. மங்கினால் வெள்ளை நிறமியான டைட்டானியத்தை இன்னும் கொஞ்சம் கூட்டு. இந்த வழக்கம் அளக்கக்கூடாத நேரத்தில் அளக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். வெந்து, துவைக்கப்பட்டு, துணிமேல் மிஞ்சும் படலத்தில்தான் மறைதிறன் தெரியவரும். ஆகவே மைத் தேர்வு துணியின் இழையிலும் சாயத்திலும் தொடங்க வேண்டும்.

நிறமியின் ஒளிவிலகல் எண்ணும் அதைச் சூழ்ந்த ஊடகத்தின் எண்ணும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு ஒளி சிதறும். நிறமியைத் துணியோடு பிணைக்கும் அக்ரிலிக் பைண்டருக்கு அந்த எண் ஏறத்தாழ 1.5, ரூட்டைல் வகை டைட்டானியம் டையாக்சைடுக்கு 2.7, அனடேஸ் வகைக்கு 2.55. இந்த இரண்டு டைட்டானிய வகைகளும் நம் தென்கரை மணலிலிருந்தும் கிடைக்கின்றன. கேரளத்துச் சவறை ஆலை ரூட்டைலையும் திருவனந்தபுரத்து ஆலை அனடேஸையும் தருகின்றன. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். விலையைக் குறைக்கச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட்டுக்கோ எண் 1.6. பொடியாக வெளுப்பாக இருக்கும் அது, பைண்டருக்குள் போனதும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

ஈரப் பேஸ்டில் துகள்களைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் நீர்; அதன் எண் 1.33. நீர் ஆவியாகி பைண்டர் சூழ்ந்ததும் விலகல் குறைகிறது. படலமும் மெலிகிறது, ஒரு பங்கை நூல் குடித்துவிடுகிறது. ஹீட்டரைத் தாண்டியதும் வெள்ளை சாம்பல் பூப்பது இதனால்தான். டைட்டானியத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் தீர்வாகாது. சிதறலுக்கு உகந்த 0.2 முதல் 0.3 மைக்ரான் துகள்கள் நெருக்கியடித்தால் ஒவ்வொன்றின் திறனும் குறையும். பைண்டர் போதாமல் அச்சு வெடிக்கும்.

அச்சைப் பிக் கிளாஸ் எனும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் இன்னொரு காரணமும் புலப்படும். வெள்ளைப் படலத்தைத் துளைத்துக்கொண்டு கறுப்புப் பஞ்சிழைகள் நிமிர்ந்து நிற்கும். இவற்றை எந்த நிறமியும் மறைக்காது. நொதியால் பஞ்சிழையைக் குறைக்கும் பயோவாஷ் செய்த துணியில், மெல்லிதாக ஒரு கோட் அடித்து, ஃபிளாஷ் சூட்டில் சற்று உலர்த்தி, அதன்மேல் இன்னொரு கோட் அடித்தால் முதல் கோட் இழைகளைப் படுக்க வைத்துவிடும். ஒரே தடித்த கோட்டைவிட இது மேல் என்பது என் உறுதியான கருத்து.

நீரில்லாத பிவிசி மையான பிளாஸ்டிசாலைத் தடித்துப் போட்டால் கவலையே இல்லை என்போர் உண்டு. அது நூலுக்குள் இறங்காமல் மேலேயே நிற்பதால் மறைதிறனில் முந்துவது உண்மை. ஆனால் ஏறத்தாழ 160 டிகிரி சூடு படலத்தின் அடிவரை எட்டாவிட்டால் துவைப்பில் உரியும். எட்டினாலும் நெஞ்சில் ரப்பர் பலகையாகக் கிடக்கும். ரியாக்டிவ் சாயமிட்ட பருத்தியானால், சாயத்தையே அழித்து நிறமேற்றும் டிஸ்சார்ஜ் அச்சை நான் முதலில் பரிசீலிப்பேன். அங்கே மறைக்க வேண்டிய கறுப்பே இல்லை. இருப்பினும் டர்க்காய்ஸ் போன்ற சாயங்கள் அதற்கு மசியா. சாயத்தை அழிக்கச் சேர்க்கும் சிங்க் ஃபார்மால்டிஹைட் சல்ஃபாக்சிலேட் விட்டுச்செல்லும் ஃபார்மால்டிஹைடும் குழந்தைகள் உடுப்புக்கு ஆகாது.

பாலியஸ்டரில் கேள்வியே மாறிவிடுகிறது. சிவப்பு ஜெர்சியில் அடித்த வெள்ளை, ஹீட்டரிலிருந்து வரும்போது குறையின்றி இருக்கும். பெட்டிக்குள் கிடந்து இளஞ்சிவப்பாகும். காரணம், பாலியஸ்டருக்கு இட்ட, சூட்டில் ஆவியாகும் டிஸ்பர்ஸ் சாயம் படலத்துக்குள் ஏறிவிட்டது. இங்கே அதிக டைட்டானியம் உதவாது. குறைந்த சூட்டில் வேகும் மையும், சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் கரி கலந்த சாம்பல்நிற அடிக்கோட்டும் வேண்டும். சாம்பிளை அன்றே ஒப்புக்கொள்ளாமல், சூடாகவே அடுக்கிவைத்து மறுநாள் அளப்பதே பாலியஸ்டருக்குப் பொருந்தும் சோதனை.