எழுத முடியாத சிப்பும் ஓட்டு மெஷினும்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது விண்டோஸ் இல்லை. போர்டில் இருக்கும் ஒரு சின்ன சிப்பில் உள்ள புரோகிராம்தான். அதை மாற்றிவிட்டால் மெஷினே மாற்றியவன் கையில். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். என்கிற செர்னோபில் வைரஸ் இந்த சிப்பிலேயே குப்பையை எழுதியது. பல கம்ப்யூட்டர்கள் அதற்கப்புறம் ஆன் ஆகவே இல்லை. ஜம்பர் வைத்து எழுதும் வழியை அடைத்திருந்த மதர்போர்டுகளின் சிப் தப்பித்தது. இன்று ராஸ்பெர்ரி பை 4 போர்டிலும் பூட் சிப்பை இப்படிப் பூட்டலாம்.

இப்படிப் பூட்டிய மெஷின் ஒன்றை ஓட்டு போட்ட எல்லோரும் தொட்டிருக்கிறார்கள். ஆமாங்க, ஓட்டு மெஷின்தான்! அதுவும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டுதானே.

1982 மே 19 அன்று கேரளாவின் பரூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக வைத்தார்கள். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இந்த மெஷின் வடிவமைப்பை மேற்பார்வை செய்தவர் நம்ம எழுத்தாளர் சுஜாதா. 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்தது. 2017 டிசம்பர் இடைத்தேர்தலில் கொருக்குப்பேட்டை அடங்கிய ஆர்.கே.நகரில் 59 வேட்பாளர்கள்! ஒரு பேலட் யூனிட்டில் 16 பட்டன்தான் என்பதால், நோட்டாவும் சேர்த்து நாலு யூனிட் தேவைப்பட்டது.

மெஷினுக்குள் இருப்பது ஒரே ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய சிப், அதனால் புரோகிராமை யாரும் மாற்ற முடியாது என்பது தேர்தல் ஆணையத்தின் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் 2010-ல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்க்ரைப் ஆகியோர் ஒரு மெஷினைப் பிரித்து ஆராய்ந்தார்கள். சிப்பைத் தொடவே இல்லை. எண்களைக் காட்டும் டிஸ்ப்ளே போர்டை மட்டும் மாற்றி, தவறான முடிவைக் காட்ட வைத்தார்கள். இன்னொரு விஷயமும் சொன்னார்கள்: சிப்பில் உள்ள புரோகிராமை வெளியே படித்துச் சரிபார்க்க வழியே இல்லை. எழுத முடியாதபடி பூட்டியவர்கள் படிக்கவும் முடியாதபடி பூட்டிவிட்டார்கள். உள்ளே முதலிலேயே எழுதியது சரியான புரோகிராம்தானா என்று ஓட்டு போடுகிறவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

2024 ஏப்ரல் 26 அன்று சுப்ரீம் கோர்ட் பழையபடி வாக்குச்சீட்டு வேண்டும் என்ற கோரிக்கையை நிராகரித்தது. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் 5 சதவீத மெஷின்களின் சிப்பைச் சோதிக்க வேண்டும் என்றது. சோதிப்பவர்கள் தயாரித்த கம்பெனியின் இன்ஜினியர்களே.

ஆக, பூட்டு முக்கியம்தான் நண்பர்களே. ஆனால் அது பாதி வேலை. பூட்டியது சரியாக இருக்கிறதா என்று பூட்டியவர் அல்லாத ஒருவர் பார்க்க முடியும்போதுதான் மீதி வேலையும் முடியும். வீட்டில் இருக்கும் போர்டுக்கும் இதே கதைதான்: பூட்டும் முன் உள்ளே இருப்பது சரியா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.