தைவானின் மருத்துவ அட்டை

1995 மார்ச்சு 1 ஆம் நாள் தைவான் தீவில் தேசிய மருத்துவக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்த் தொழிலாளர்க்கு ஒன்று, அரசு ஊழியர்க்கு ஒன்று, உழவர்க்கு ஒன்று எனக் காப்புறுதிகள் தனித்தனியே இருந்தன. இவற்றுள் எதனுள்ளும் சேராதார் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதின்மர். அவருட் பெரும்பாலார் சிறு குழந்தைகளும் முதியோருமே. மருத்துவம் மிகுதியும் வேண்டுவோர்க்கே காப்புறுதி இல்லாதிருந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

புதிய திட்டத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒரு தாளட்டை தரப்பட்டது. அதில் ஆறு கட்டங்கள். மருத்துவரிடம் செல்லுந்தோறும் ஒரு கட்டத்தில் முத்திரை இடுவர். ஆறும் நிறைந்தால் வேறு அட்டை பெறல் வேண்டும். இவ்வட்டை, பள்ளி வரவுப் பதிவேடு போன்றது. மாணவன் வந்தான் என்று பதிவேடு கூறும். என்ன கற்றான் என்று கூறாது. அங்ஙனமே, நோயாளி எத்தனை முறை வந்தார் என்பதைத் தாளட்டை காட்டிற்று. என்ன நோய், என்ன மருந்து என்பவற்றைக் காட்டவில்லை.

தைவானில் எவரும் தாம் விரும்பிய மருத்துவரிடம் நேரே செல்லலாம். இவ்வுரிமை நன்றே. ஆயினும் காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறோரிடத்திலும் ஒரே வகை மருந்தை ஒருவர் பெறுதற்கும் இதுவே வழியாயிற்று. பொதுப்பணம் வீணாவது ஒருபுறமிருக்க, ஒன்றோடொன்று ஒவ்வாத மருந்துகளை முதியோர் சேர்த்து உண்ணும் இடரும் இருந்தது. இரண்டாவதே பெருங்கேடு என்க.

2002 இல் சில்லு பதித்த அட்டைகளை வழங்கத் தொடங்கினர். 2004 சனவரி 1 முதல் தாளட்டை அறவே நீங்கியது. அண்மையில் மருத்துவம் பெற்ற ஆறு முறைகளின் செய்தி அச்சில்லில் அடங்கும். மருத்துவமனைகள் அன்றாடப் பதிவுகளை ஒரு நாளைக்குள் காப்புறுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். 2013 இல் மற்றொரு படி ஏறினர். நோயாளியின் முந்திய மூன்று மாத மருந்துகளை, எந்த மருத்துவமனையில் பெற்றவையாயினும், மருத்துவர் கணினியிற் கண்டபின் மருந்தெழுத வழி செய்தனர்.

2020 இல் கொள்ளைநோய் பரவியபோது இவ்வேற்பாடு பெரிதும் பயன்பட்டது. வெளிநாட்டுப் பயணக் குறிப்புகளைக் காப்புறுதிப் பதிவோடு இணைத்தமையால், நோயாளி எங்கிருந்து திரும்பியவர் என்பதை மருத்துவர் அறிந்தனர். பிப்ரவரி 6 முதல் முகக்கவசம் வாங்குதற்கும் இவ்வட்டையே சான்றாயிற்று. பெரியவர் ஒருவர்க்கு ஏழு நாளைக்கு இரண்டு என்பது தொடக்கக் கணக்கு.

ஆயினும் ஒரு வினா எஞ்சியது. பெயரை மறைத்துக் குறியீடிட்டு, இப்பதிவுகளை ஆராய்ச்சியாளர்க்கும் வழங்கி வந்தனர். ஆய்வு மக்களுக்கே பயன்படும் என்பது அலுவலகத்தின் வாதம். மருத்துவம் பெறுதற்குத் தந்த செய்தியை வேறு பணிக்குத் தர எம்மைக் கேட்டீரா என்று 2012 இல் மனித உரிமை ஆர்வலர் சிலர் தம் பதிவுகளை விலக்கக் கோரினர். கோரிக்கை மறுக்கப்பட்டது, நிருவாக நீதிமன்றங்களிலும் அவர் வெல்லவில்லை. கட்டாயக் காப்புறுதியாதலின் சேராதிருக்கவும் அவர்க்கு இயலாது. அவர்தம் வாதத்தின் வலிமை இதிலேயே உள்ளது. 2022 ஆகஸ்டு 12 ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வுக்குப் பயன்படுத்துவதை அது அடியோடு தடுக்கவில்லை. பதிவுகளைச் சேமித்து வெளியாருக்கு வழங்குதற்குத் தெளிவான சட்டமின்மையும், விலகிக்கொள்ளும் உரிமையின்மையும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று கூறி, அவற்றைச் சீர்செய்ய மூன்றாண்டுத் தவணை அளித்தது.